மிட்டாய்க்கு ஒரு மூலை

ஒரு பூனை எந்த இடத்தில் வெளிக்குப் போக வேண்டும் என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் டிசம்பர் மாதம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்றால் அது நாங்களாகத்தான் இருக்கும். எழுபத்தொன்பதாம் வருஷம். எடமலைப்பட்டி புதூரில், அழகம்மாள் அக்காவின் காம்பவுண்டில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கட்டிலிலிருந்து காலை இறக்கினால் பீரோவில் இடிக்கும். கக்கூஸ் வெளியே, நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒன்று.

என் வீட்டுக்காரர் சவரிராயனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரைக்கும் நான் பேசினால் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் மிட்டாய். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்து ஒட்டிக்கொண்ட பூனை. ஆரஞ்சு மிட்டாய் நிறம், அதனால் அந்தப் பெயர். அதன் மேல் எனக்கு உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

வம்பு கீரைப் பாத்தியில் ஆரம்பித்தது. அழகம்மாள் அக்கா முற்றத்தில் அரைக்கீரை போட்டிருந்தார். தினமும் கொத்தித் தண்ணீர் தெளித்து மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பார். தனக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று மிட்டாய் நினைத்துவிட்டது. ஒருநாள் அக்கா கீரை பறிக்கப் போய், தொடக்கூடாததைத் தொட்டுவிட்டார். கையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இந்தாம்மா லூர்துராணி, உன் பூனை உன் வாசப்படிய தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா அதை எங்கயாவது கொண்டு போய் விட்டுடணும், சொல்லிட்டேன்."

நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, வீட்டுக்குள்ளேயே ஏற்பாடு செய்துவிடலாம் என்று கதவைச் சாத்தினோம். என் வீட்டுக்காரர் ஒரு மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் அறுத்து, விளிம்பு கையைக் கிழிக்காமல் மடக்கித் தட்டி, அழகான தட்டு ஒன்று செய்தார். ஒர்க்‌ஷாப்காரர் இல்லையா, இதில் குறை சொல்ல முடியாது. அதில் அடுப்புச் சாம்பலை நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். மிட்டாய் அதற்குள் நடந்து, ஒன்றும் செய்யாமல் வெளியே வந்து, வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஏறிப் படுத்தது. விரிப்பெல்லாம் சாம்பல் கால். கதவுக்குப் பின்னால் வைத்தோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் தட்டு டமால் என்று கத்தியது, பூனை பீரோ மேல் தாவியது. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். ஈரம் பட்டதும் காலை உதறிவிட்டுப் போய்விட்டது. சாம்பலைக் கொட்டிவிட்டுத் தெருவிலிருந்து செம்மண் அள்ளிப் போட்டேன். அதற்குள் இருந்த சரளைக்கல் அந்த மகாராணிக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையின் மேல் காரியத்தை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

சட்டையைப் பார்த்ததும் அவர் கெடு வைத்தார். ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளுக்குள் மிட்டாய் ஒரு இடத்தில் ஒழுங்காகப் போகாவிட்டால் வையம்பட்டிக்கு பஸ் ஏறிவிடும். அங்கே அவருடைய அக்கா ரோசம்மாளுக்குக் காடு கரை இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளட்டும் என்றார். சொன்னதோடு விடாமல், பூனையைக் கொண்டுபோக ஒரு கோணிப்பையை எடுத்து அதில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தினார். எதற்கு இத்தனை ஓட்டை என்று வெடுக்கென்று கேட்டேன்.

"மூச்சு முட்டக் கூடாதில்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பையைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தார். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது என் கண்ணில் பட்டது.

இந்த ரகளைக்கு நடுவில் கிறிஸ்துமஸ் வந்தது. இயேசு பிறந்த இடத்தைப் பொம்மைகள் வைத்துக் குடிலாகக் கட்டுவதென்றால் இந்த மனுஷனுக்குப் பைத்தியம். கேழ்வரகை முன்கூட்டியே முளைக்கப் போட வேண்டும், புல்வெளிக்கு. பழுப்புத் தாளில் பசை தடவி, கசக்கி, மலை செய்ய வேண்டும். மணல் மட்டும் கொள்ளிடத்து மணலாகத்தான் இருக்க வேண்டும். வழியிலேயே காவிரி இருக்க, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் வரை சைக்கிள் மிதித்து, சலித்த மாவு மாதிரி வெள்ளை மணல் கொண்டு வந்தார். எல்லாக் கிறிஸ்தவ வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் குடில் பீடத்துக்கு அடியில்தான். மூலையில் பலகை அடித்து திருஇருதய ஆண்டவர் படம் வைத்திருந்தோம். அதன் கீழே பெத்லகேம் எழும்பியது.

கட்டி முடித்து, பாலன் இயேசுவின் தொட்டியை மட்டும் கிறிஸ்துமஸ் ராத்திரிக்காகக் காலியாக விட்டு, அவர் கை கழுவப் போனார். மிட்டாய் எழுந்தது. சோம்பல் முறித்தது. ஒரு இடையனைத் தள்ளிவிட்டு உள்ளே போனது. ஒட்டகத்துக்குப் பக்கத்தில் குழி பறித்து, மூன்று ராஜாக்களையும் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்தது. முடித்ததும் ஒரு துளி வெளியே தெரியாமல் மணலைத் தள்ளி மூடியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷத்தில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அத்தனை நாள் தவம்! ஆனால் அவர் சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இது பாவம், இப்போதே பையில் போடு என்று குதித்தார். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

"மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருங்க அவரு. அங்க சாணி இல்லாமயா இருந்திருக்கும்?"

அவருக்குக் கோபம் இரண்டு மடங்கானது. குடிலிலிருந்து சூசையப்பர் சுரூபத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து குடிலைச் சுற்றி நாற்காலி, துணிக்கூடை, அரிசி டின் என்று கோட்டை கட்டினார். மிட்டாய் அத்தனையையும் தாண்டியது. நான் அவருக்குத் தெரியாமல் கரண்டியால் அள்ளி எறிந்தேன். தெரிந்தபோதெல்லாம் சண்டை.

பண்டிகை முடிந்த வாரத்தில், பங்குசாமியார் வீடு வீடாகக் குடில் பார்க்க வருகிறார், நல்ல குடிலுக்குப் பரிசு உண்டு என்று கோயிலில் அறிவித்தார்கள். எங்கள் தெருவுக்கு சனிக்கிழமை சாயங்காலம். என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். சாமியார் வந்து போகும்வரை பூனை சமையல்கட்டில் அடைபட்டிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வையம்பட்டி.

சனிக்கிழமை அவர் சாமியாரை அழைத்து வரப் போனதும் நான் குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே அந்த மூலையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுவர், முதுகுக்குப் பயமில்லை. அங்கிருந்து வாசலும் தெரிகிறது, சமையல்கட்டும் தெரிகிறது. யாரும் நடக்காத, ஈரம் படாத இடம். வீட்டில் தட்டை வைக்காத மூலை இது ஒன்றுதான். பீடத்துக்குக் கீழே என்பதால் இப்படி ஒரு மூலை இருப்பதே எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அழுகை நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினேன். சுரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் வைக்கோலும் கேழ்வரகு முளையும் பரப்பி, மாதா, சூசையப்பர், பாலன், ஆடு, மாடு, ராஜாக்கள் எல்லாரையும் குடியேற்றினேன். மணல் ஒரு பொட்டுக்கூட அங்கே போடவில்லை. கொள்ளிடத்து மணல் முழுவதும் தகரத் தட்டுக்குப் போனது. தட்டு மூலைக்குப் போனது. வெளியே தெரியாமலிருக்கத் தாள் மலையை அதன் முன்னால் நிறுத்தினேன். மிட்டாய்க்குக் காட்டலாம் என்று திரும்புவதற்குள் வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

சாமியார் உள்ளே வந்தார். எத்தனை வருஷப் பழக்கம், குடில் எங்கே என்று அவர் தேடவே இல்லை. நேராகப் பீடத்துக்கு அடியில் போனார். அங்கியைச் சேர்த்துப் பிடித்து, மூட்டு வலியோடு முழங்காலிட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு மலைக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்தார்.

"பாலன் எங்கம்மா?"

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"குடில் அந்தப் பக்கம் இருக்குங்க சாமி. இது... பூனைக்குங்க."

சாமியார் முழங்காலிலேயே இருந்தார். அந்த நேரம் பார்த்து, நான் சரியாகச் சாத்தாத சமையல்கட்டுக் கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு மிட்டாய் வந்தது. நாள் முழுக்க அடைபட்டிருந்த பூனை. அவசரம் நடையிலேயே தெரிந்தது. முதலில் டிரங்குப் பெட்டிக்குப் போனது. முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து, பாலனின் தலைமாட்டில் இருந்த வைக்கோலை மோந்து பார்த்தது. பெட்டியிலிருந்து இறங்கியது. சாமியாரை ஒருமுறை பார்த்தது. அவர் பக்கத்திலேயே நடந்து மலைக்குப் பின்னால் போனது. சரக், சரக் என்று மணல் பறிக்கிற சத்தம். பிறகு சத்தமில்லை. பிறகு மறுபடி சரக், சரக், மூடுகிற சத்தம்.

"போயிட்டா, ராணி! தட்டுலயே போயிட்டா!"

கத்தியது நானில்லை. என் வீட்டுக்காரர். சாமியார் இருப்பதையே மறந்து என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் வேறு. இந்த மனுஷனா பையில் போடு என்று குதித்தவர்!

சாமியார் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவரால் எழுந்திருக்க முடியாததால் நாங்கள் இரண்டு பேரும் கைலாகு கொடுத்தோம். ஆண்டவர் படத்தை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள், அவருக்கும் காற்று வேண்டும் என்றார். ஜன்னலோரத்துக் குடிலுக்கு முன் நின்று ஜெபித்துவிட்டுப் போனார். பரிசெல்லாம் வேறு யாருக்கோ போனது. யார் கவலைப்பட்டார்கள்?

படம் அன்றைக்கே சுவர் மாறியது. மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அவர் ஆணியிலிருந்து கோணிப்பையை எடுத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினார். மிட்டாய் என் மடியில் இருந்தது. உச்சி வெயிலில் வியர்த்து ஊற்றத் திரும்பி வந்தார். பை நிறைய கொள்ளிடத்து மணல் அள்ளியிருக்கிறார், ஓட்டைகளை மறந்துவிட்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் வாசல் வரை வழியெல்லாம் ஒழுகி, வந்து சேர்ந்தது பாதிதான். அழகம்மாள் அக்கா, கீரைப் பாத்தி ஓரமாக உள்ளே வந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, இது என்னம்மா புதுக் கூத்து என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் நேராக உள்ளே வந்தார். மணலைத் தட்டில் கொட்டினார். கோணி ஊசியும் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பூனை மூச்சு விடுவதற்காகக் குத்திய ஓட்டைகளை ஒன்று விடாமல் தைத்து மூடிய பிறகுதான் சாப்பிட வந்தார்.