விழாத சர்வர்

இயங்காமல் விழுந்த கணினி சர்வரைத் தூக்கி நிறுத்துவதே வேலை என்பதால் அலுவலகத்தில் அவருக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். போன மாதம் அந்த வேலையைத் தானாகவே செய்யும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் ஒன்றை எழுதி, ‘புதுமைச் செம்மல்’ விருதும் வாங்கினார். விருது கொடுத்த மேலாளருக்கு அது மென்பொருளா மருந்தா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் மேடையில் பொளந்து கட்டினார்.

அதன்பிறகு டாக்டரை ஒருவரும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். “டாக்டரே, பேஷன்ட் மறுபடி படுத்துட்டாரு” என்பான் கணக்குப் பிரிவுக்காரன். சர்வரைப் பற்றி அரை நிமிஷம், மாமியாரைப் பற்றி அரை மணி. டாக்டர் எரிந்து விழுவார். போனை மட்டும் வைக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மடிக்கணினிக்குள் ஒரு மெய்நிகர் சர்வரைக் கிளப்பினார். சோதனைக்கான பொய் சர்வர். கவிழ்ந்தாலும் யாருக்கும் சேதமில்லை. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். சர்வரை வேண்டுமென்றே கவிழ்த்தார், அது எழவில்லை. நிஜ சர்வரிலும் இதைச் செய்தால் நாளைக்கே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

கை பரபரத்த நேரத்தில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

“சோதனை சர்வர் இயங்கவில்லை” என்றது அவரே அமைத்திருந்த தானியங்கிக் குரல். “கவனித்துவிட்டால் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் அழைப்போம்.”

“சரிங்க” என்றார்.

எடுத்த வரியை இருந்த இடத்திலேயே ஒட்டினார். பொய் சர்வரை மட்டும் அப்படியே கிடக்கவிட்டு, ஒன்றை அழுத்தாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.