பதில் பாட்டுக்கு விட்ட இடம்

நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. குடையை விரித்தால் நின்று, மடக்கினால் தூறும் மழை.

1

வாசகரே, இக்கதை பேருந்தில் பிறந்தது. யாருடைய கைபேசியோ ஒலித்தது. முன்னிருக்கைத் தையற்காரி உதட்டுக்குள் ஏதோ பாடினாள். என்னவென்று வினவினேன்.

"அந்த மணி எங்க ஜனங்க மலைக்கு மலை கூப்பிடுற பாட்டுங்க. காதுல விழுந்தா பதில் பாடணும். இல்லன்னா கூப்பிட்டவங்க தனியா நின்னுடுவாங்க."

[இவ்விடத்தில் 'சிரித்தாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.]

2

அவ்வழைப்பை ஒரு நிறுவனம் கைபேசி மணியாக்கித் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டது. அப்பதிவை நீக்கக் கோரி அவள் வழக்குத் தொடுத்திருக்கிறாள். இதுவரை அவள் சொன்னது. இனி நான் புனைவது.

'ஆக்கியவர் யார்?' என்கிறது சட்டம். ஓர் இனமே ஆக்கியது என்றால் அதற்கு விளங்குவதில்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவளுடைய வக்கீல் கெஞ்சினாள்.

"அக்கா, பதில் பாட்டு அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாது. நீங்க பாடிக் காட்டினா கேஸ் நம்ம பக்கம்."

"பாடினா பதிவாகுமா?"

"கோர்ட்ல இருமினாகூட பதிவாகும்க்கா."

"அப்ப அதையும் மணியாக்கிடுவாங்க."

"உங்க அண்ணனாவது துணைக்கு வந்திருக்கலாம்."

"அவன் போன்லயே அந்த மணிதான். கேக்க நல்லாருக்காம்."

3

அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். நிறுவனத்தார் மணியை ஒலிக்கவிட்டனர். அழைப்பு அறையை நிறைத்தது. அவள் இனத்தார் ஒருவரும் அங்கில்லை. அவள் நிமிர்ந்து, உரத்த குரலில்

"                                        "

[இங்கே, பேருந்தில் என் செவியில் விழுந்த வரிகளை எழுதியிருந்தேன். அழகிய வரிகள். கதை அச்சானால் அவை என் பெயருக்குக் கீழே நிற்கும். அழித்தேன். ஆகவே அவள் உரக்கப் பாடவில்லை. மேற்கண்ட வாக்கியத்தைக் கைவிடுகிறேன்.]

4

மீண்டும் எழுதுகிறேன். மணி ஓய்ந்தது. அவள் உதடுகள் அசைந்தன, பேருந்தில் அசைந்தது போலவே. பதிவுக் கருவியில் ஓசை எதுவும் விழவில்லை.

"பாடினீங்களாம்மா?" என்றார் நீதிபதி.

பாடினேன் என்றால், உரக்கப் பாடு என்பார். இல்லை என்றால், வழக்கு முடிந்தது. அழைத்தவருக்கோ மறுமொழி கிட்டிவிட்டது. அவள் வாயில் ஒரு சொல் வைக்க எனக்கு உரிமையில்லை. உமக்கு உண்டென்று தோன்றினால், வாசகரே, மேலே விட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

நீதிபதி வினவியதும் நான் பேனாவை மூடியதும் மாலை நான்கு மணி பத்து நிமிடம்.