மைக்கம்மாவின் குரல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கணவர் அதே நிலையத்தில் ஓட்டுநர். துறைமுகம் போகும் வண்டி அவருடையது. "வீட்லயும் நீதான் கெளம்பச் சொல்ற, இங்கயும் நீதான் கெளம்பச் சொல்ற" என்று கேலி செய்வார்.

அந்தக் குரல் மெல்ல மெல்லத் தடித்தது. சளி பிடித்ததுபோல் கரகரத்தது. சொற்கள் காலை இழுத்துக்கொண்டு நடந்தன. முதலில் எல்லாரும் பழியை மைக்கின் மேல் போட்டார்கள். மின்வேலை பார்க்கும் ஒயர் அண்ணன் மைக்கை மாற்றினார், ஒலிபெருக்கியை மாற்றினார், கடைசியில் கம்பியையே மாற்றினார்.

"இனிமே மாத்த என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. மீதி இருக்கறது நீங்க மட்டும்தான்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள். விரல் நுனிகள் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது, எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கும் மதியத்தில் தனக்கு மட்டும் குளிர்வது, எதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட மறதிதான் அவளைப் பயமுறுத்தியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் காணாமல் போய்விடும். அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசிக் காலத்தில் அவர் பெற்ற மகளையே "யாரும்மா நீ?" என்று கேட்டார். தனக்கும் அதுவே வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டில் வேறு கதை ஓடியது. "எது கேட்டாலும் ஆடி அசைஞ்சுதான் பதில் வருது. என் மேல அவளுக்கு என்னடா கோபம்?" என்று மாமியார் மகனிடம் முறையிட்டார். மகன் எந்தப் பக்கமும் சேராமல் நழுவினார்.

ஒருநாள் காலையில், மலையடிவாரம் போகும் வண்டி மூன்றாம் நடைமேடையில் நிற்பதாக அவள் அறிவித்தாள். அந்த வண்டி நின்றது ஐந்தில். மூன்றில் நின்றது கணவரின் வண்டி. அறிவிப்பை நம்பி ஒரு கூட்டம் அதில் ஏறிக்கொண்டது. பாலத்தைத் தாண்டிய பிறகு நடத்துநர் சீட்டுக் கொடுத்துக்கொண்டே அவர்களிடம் வந்தார்.

"மலையடிவாரம் நாலு குடுங்க."

"மலையா? இது கடலுக்குப் போற வண்டிங்க. மலை நமக்குப் பின்னாடி போயிட்டிருக்கு!"

வண்டிக்குள் ரகளையாகிவிட்டது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அவர்களை இறக்கிவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் வேகத்தில் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. தினமும் பார்க்கும் முகம். இது எப்போது இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"என்னம்மா பண்ணுது உனக்கு?"

"அஞ்சுன்னுதாங்க சொல்ல நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதி வந்தது. "அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. உங்களையும் மறந்துடுவேன்."

"அத நீயே முடிவு பண்ணிட்டா டாக்டருங்க எதுக்கு இருக்காங்க? எந்திரி மொதல்ல."

நரம்பு மருத்துவர் அவளைப் பேசவிட்டுக் கேட்டார். கையைத் தொட்டுப் பார்த்தார். தோல் வறண்டு சில்லென்றிருந்தது. பிறகு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று அசைந்தது. திரும்பி வரும்போது மட்டும், மனமில்லாமல் வருவதுபோல் மெதுவாக வந்தது. அவர் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுல சுரக்கற ஹார்மோன் கொறஞ்சா மூளை, நரம்பு எல்லாமே மந்தமாயிடும். பேச்சு, நடை, ஞாபகம், விரல் மரத்துப்போறது எல்லாத்துக்கும் அதுவே காரணமா இருக்கலாம். ரத்தம் பாத்துட்டு உறுதியா சொல்றேன்."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"எங்கப்பாவுக்கும் இதுவா இருந்திருக்குமா டாக்டர்?"

"பரிசோதிக்காம என்னால சொல்ல முடியாதும்மா. அது வேற நோயா இருந்திருக்கவும் வாய்ப்பு நெறைய உண்டு. உங்களோடது மாத்திரைக்குக் கேக்கும்."

வீடு திரும்பும் பேருந்தில் அவள் அழுதாள். வண்டி ஓட்டியே பழகிய கணவர் அன்று பயணியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. "இது மாத்திரையா, சாக்பீஸாங்க?" என்று அலுத்துக்கொண்டாள். சில வாரங்கள் போனபின், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தாள். முக வீக்கம் வடிந்தது. விரல்களில் உணர்வு திரும்பியது. சொற்களும் தேடாமல் வரத் தொடங்கின.

"அந்தச் சுரப்பியத் திட்ட வேண்டியது, உன்னைத் திட்டிட்டேன்மா" என்றார் மாமியார்.

"அதுக்குக் காது இல்லையே அத்தை. எனக்குத்தானே இருக்கு" என்று மருமகள் வெடுக்கென்று பதில் சொன்னாள். மாமியார் ஒரு கணம் அசந்துபோய், பிறகு சிரித்துவிட்டார்.

குரல்தான் கடைசியாக வந்தது. முழுதாகத் தெளியாமல் அடியில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. விடுப்பு முடிந்து அவள் மறுபடி கண்ணாடி அறையில் உட்கார்ந்தபோது வெளியே மழை. எல்லா வண்டிகளும் தாமதம். ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்துக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடத்தில் சொல் தயங்கியது. அவள் பதறவில்லை. கொஞ்சம் பொறுத்தாள், சொல் வந்தது. சொல்லி முடித்து, அடுத்த வண்டிக்குப் போனாள்.