பின்பக்க விளக்குகள்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று மச்சானுக்கு. சட்டை போட்டேன். கதவைப் பூட்டினேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்த மறுவாரம் ஒரு பையோடு வந்தார். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ள” என்றார். இன்னும் போகவில்லை. கூடத்தில் படுத்து மரம் அறுப்பதுபோல் குறட்டை விடுகிறார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இருவருக்கும் ஒரே கல்குவாரியில் வேலை. அவர் கல் அள்ளிக் கொட்டும் லோடர் வண்டி ஓட்டுகிறார். நான் மின்பொறியியல் படித்தவன். வண்டிகளின் வயரும் விளக்கும் என் பொறுப்பு.

பட்டறை வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

“நேத்தும் லோடர்ல பின்னாடி லைட்டு அவுட்டு. இருட்டுற நேரத்துல பின்னாடி பள்ளம் தெரியாம ஒரு ஆள் வண்டி ஓட்டினா, நான் எப்படித் தூங்குறது? இன்னிக்கும் போச்சுன்னா நாளைக்கு வாடகை வண்டி வருது. அது ஓட்டுற ஆளோடதான் வரும். உங்க மச்சானை மலைக்கு அந்தப் பக்கம் சைட்டுக்கு அனுப்பிடுவேன். அங்கேயே தங்கிக்கலாம்.”

சரி என்றேன். வீட்டுக் கூடம் காலியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் டெஸ்டரை எடுத்தேன்.

அள்ளிய கல்லோடு லோடர் பின்னால் வந்துதான் திரும்ப வேண்டும். பின்னால்தான் பள்ளம். அதனால் பின்பக்க ஹாலஜன் விளக்குகள் இரண்டும் எரிந்தே ஆக வேண்டும். அவைதான் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தன.

வோல்டேஜ் சரியாக இருந்தது. எர்த் வயரில் துரு இல்லை. அதிர்வு தாங்கும் ரப்பர் உறுதியாக இருந்தது. பல்பும் இருபத்து நாலு வோல்ட், வண்டிக்கு ஏற்றதுதான். கேபின் உச்சியில் இருக்கும் முன்பக்க விளக்குகளுக்கும் அதே பல்ப், அதே கடை. அவை மாதக்கணக்கில் எரிகின்றன.

செத்த பல்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்து, கொப்புளம்போல் வீங்கியிருந்தது.

விரல் பட்டிருக்கிறது. ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடக் கூடாது. எரியும்போது அதன் கண்ணாடி தோசைக்கல்லைவிடச் சூடாகும். விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, தளர்ந்து வீங்கும். பிறகு பல்ப் போய்விடும்.

நான் சுத்தமான துணியால் பிடித்துத்தான் மாட்டுவேன். ஆனால் இப்போதெல்லாம் நான் செய்வது எனக்கே நினைவிருப்பதில்லை. நானாகவும் இருக்கலாம். அப்படியானால் முன்பக்க பல்புகளும் அல்லவா போயிருக்க வேண்டும்?

மச்சான் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், பின்னாடி லைட்டை யாராவது கழட்டினாங்களா?”

“யாரு கழட்டுவா? நான்தான் தினமும் கழட்டித் துடைக்கிறேன்.”

“பல்பையுமா?”

“பின்ன? பல்பை உருவி, கட்டைவிரலால நல்லா தேய்ச்சு, பளபளன்னு மாட்டுறேன். குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி.”

“முன்னாடி லைட்டை?”

“அது உச்சியில இருக்கு. என் முட்டி ஏற விடுமா?”

சிரித்துவிட்டேன். பழக்கம் விட்டுப்போய் கன்னம் வலித்தது. அவர் என்னையே பார்த்தார்.

“எதுக்கு மச்சான் இந்த வேலை?”

அவர் டயரிடம் சொன்னார். “நீ ஸ்க்ரூவை முடுக்கிட்டு அதையே வெறிச்சுக்கிட்டு நிக்கிற. சரியா மாட்டினியோ இல்லையோ. நாளைக்கு ஒருத்தன் உன்னைக் குறை சொல்லக் கூடாதுல்ல. அதான் பின்னாலயே வந்து பாத்துட்டு இருக்கேன்.”

கொப்புளத்தைக் காட்டினேன். விளக்கினேன். அவள் போன பிறகு நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். அவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடப்பாவி. அப்ப இத்தனை பல்பையும் முழுங்கினது நானா?”

“நீங்கதான்.”

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லித் தொலைக்காத.”

“சொன்னாத்தான் மச்சான் நீங்க இங்க இருக்கலாம். இல்லேன்னா உங்களை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுவாரு.”

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “சொல்லு. முட்டியை மட்டும் சொல்லாத.”

சூப்பர்வைசர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். “சாயங்காலம் எரியுதான்னு பாக்குறேன். அப்புறம் பேசலாம்.”

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது புது பல்புகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, துணியால் பிடித்து மாட்டினேன். மச்சான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

“மூச்சு விடலாமா மாப்ள? அதுவும் படுமா?”

“ஏறுங்க மச்சான்.”

விளக்குகள் எரிந்தன. தூசிக்குள் மஞ்சள் வெளிச்சம் விழுந்து, பள்ளத்தின் விளிம்புக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. லோடர் அள்ளியது, பின்னால் வந்தது, திரும்பிக் கொட்டியது, மறுபடி போனது. லாரிகள் நிறைந்து நகர்ந்தன. பல்புகள் அணையவில்லை. சூப்பர்வைசர் நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்து, வாடகை வண்டி வேண்டாம் என்றார். போகிற போக்கில் மச்சானைப் பார்த்து, “விரலை வீட்லயே வச்சுட்டு வாங்க” என்றார்.

ஷிஃப்ட் முடிந்து மச்சான் இறங்கி, வண்டியின் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

அவருக்கு நன்றி சொல்ல நினைத்தேன். மாப்பிள்ளை மச்சானிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் இருவரும் கூசிப்போவோம். அதனால் என்னிடம் இருந்த வேறொன்றைக் கொடுத்தேன்.

துக்கம் கேட்க வந்த எல்லோரும் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர்கள் எதிர்பார்த்தது பெரிய வார்த்தை. என்னிடம் அது இல்லை. மச்சான் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

அவர் கேட்காமலே சொன்னேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரைக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். தலைக்கு மேலே ஒரு ட்யூப்லைட் எரிவதும் அணைவதுமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சும்மாதானே நிக்கப் போறீங்க, அந்த லைட்டைச் சரி பண்ணி வைங்க.”