அட்டைத் துளையில் ஒரு கண்

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்த சங்கரி, உடை மாற்றுவதற்காகக் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

முசரவாக்கத்தில் அது நூறு வருஷத்துக் கருங்கல் வீடு. சொந்தக்காரர் உதயகுமார் அதை வெளியூர்க்காரர்கள் தங்க வாடகைக்கு விட்டிருந்தார். அறை மூலையில் அலங்காரத்துக்கு ஒரு பழைய பட்டுத்தறி. சித்தி மகள் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த சங்கரியும் கணவன் லோகேஷும் சாவி வாங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏங்க, இந்தத் தறியைப் பாருங்க."

"டைம் ஆவுதும்மா. போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்."

"போட்டோ இல்லீங்க. கல்யாணம் ஆவற வரைக்கும் பிள்ளையார்பாளையத்துல தறியில உக்காந்தவ நான். புடவை டிசைனுக்குத் துளை போட்ட அட்டை எப்பவும் தறிக்கு மேல இருக்குற பெட்டியைப் பார்த்துதான் இருக்கும். இது கட்டிலைப் பார்த்துக்கினு இருக்குது."

லோகேஷ் செல்போன் டார்ச்சை அடித்தான். அட்டை முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். எல்லாம் இருட்டாக இருந்தன. ஒன்று மட்டும் மின்னியது.

கேமரா!

லோகேஷ் டார்ச்சை அணைத்துவிட்டுப் பையைத் தூக்கினான். "சத்தம் போடாம கெளம்பிடலாம். கல்யாண நேரம். வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்."

"நமக்கா? நாம என்ன திருடுனோம்?"

அதற்குள் அவள் விரல் உதயகுமாரின் எண்ணை அழுத்தியிருந்தது. "அண்ணா, தறி சூப்பரா இருக்குது. ஒரு நிமிஷம் வந்து வெளக்கம் சொல்லுங்களேன்."

உதயகுமார் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"சட்டையைக் கழட்டுங்கண்ணா."

"என்னம்மா, தமாஷா?"

"இங்க வர்ற பொம்பளைங்க எல்லாம் இங்கதானே துணி மாத்துறாங்க? நீங்களும் மாத்துங்க. தறிக்கு நேரா நின்னு மாத்துங்க."

அவர் பார்வை சட்டென்று அந்தத் துளைக்கு ஓடித் திரும்பியது. அதை லோகேஷ் பார்த்துவிட்டான்.

உதயகுமார் கைகூப்பினார். "தெரியாம பண்ணிட்டேன்மா. எல்லாத்தையும் அழிச்சுடறேன். வெளிய சொல்லிடாத. எனக்கும் பொண்ணு இருக்குது."

"அவளை ஒரு நாள் இந்த ரூம்ல தங்க வெச்சியா?" என்று கேட்டாள் சங்கரி.

அட்டையைப் பிய்க்கப் பாய்ந்தவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் லோகேஷ்.

"வெளிய சொல்ல மாட்டாங்கன்ற தைரியத்துலதானேடா இத மாட்டுன? நானும் அப்படித்தான் ஓடப் பார்த்தேன். த்தூ!" மறு கையால் போலீஸை அழைத்தான்.

சங்கரி கட்டிலைக் காட்டினாள். "அங்க உக்காரு. போலீஸ் வர்ற வரைக்கும் உன் மெஷின் உன்னையே புடிக்கட்டும்."

செல்போன் அடித்தது. சித்தி. சங்கரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எங்கடி இருக்கீங்க? மாப்ள மேடைக்கு வந்துட்டாரு!"

"லேட்டாகும் சித்தி. ரூம்ல கேமரா வெச்சவனைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கோம்."

"ஐயையோ! மெதுவா பேசுடி, நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். மண்டபத்துல மைக் இருக்குதில்ல? இவன் பேரு உதயகுமார்னு அதுலயே சொல்லு. அசிங்கம் ஒளிஞ்சு பார்த்தவனுக்குத்தான், நமக்கில்ல. எந்த ரூமுக்குப் போனாலும் மொதல்ல சுத்திப் பாருங்க, கேமராவைக் கண்டா வாயை மூடிக்கினு கெளம்பாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லு. நாம வாயை மூடிக்கினு போறதாலதான் இவனுங்க அடுத்த கேமராவை மாட்டுறானுங்க!"