காலிக் கிண்ணம்

எந்த லாரிக்காரனாலும் ஏமாற்ற முடியாத எடைமேடைக்காரர், அன்றைக்கு ஒரு கிண்ணத்திடம் ஏமாந்துபோனார்.

மதியச் சோற்றை அவருடைய ஏழு வயதுப் பொடிசு தானே கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து சமையலறைத் தராசில் வைத்துவிட்டாள். வழக்கமாக அப்பா காலிக் கிண்ணத்தை வைத்து, பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கி, அப்புறம்தான் சோறு போடுவார். சோற்றில் மாவுச்சத்து எத்தனை கிராம், அதற்கு இன்சுலின் எத்தனை யூனிட் என்று கணக்கு. மகளுக்குச் சர்க்கரை நோய் வந்த இந்த எட்டு மாதமாக மூன்று வேளையும் இதே பாடுதான். அன்றைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தராசு காட்டிய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்.

“அப்பா, வந்து...”

“நான் கணக்குப் போடும்போது வாயத் திறக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?”

பொடிசு வாயை மூடிக்கொண்டாள். ஊசியைப் போட்டு, அவள் சாப்பிட்டதும் மாடிவீட்டுத் தையல்கார அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார்.

ஒரு மணி நேரம் கழித்துச் செங்கல் லாரி ஒன்று மேடையேறியது.

“காலி வண்டி எடைச்சீட்டு எங்கப்பா? லாரியையும் சேத்து செங்கல்னு எழுதட்டுமா?” என்று டிரைவரை நக்கலடித்தார். சொல்லி வாய் மூடவில்லை, மதியம் தராசில் இருந்த கிண்ணம் நினைவுக்கு வந்தது. அடப்பாவி! பீங்கான் கிண்ணத்துக்கும் சேர்த்தல்லவா ஊசி போட்டிருக்கிறார்? மூன்று யூனிட் போட வேண்டிய இடத்தில் ஐந்து. பிள்ளைக்குச் சர்க்கரை மடமடவென்று இறங்கிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டார்.

“அசந்து தூங்கறா தம்பி. வேர்த்துக் கொட்டுதேன்னு ஃபேன் போட்டுவிட்டிருக்கேன்.”

“எழுப்புங்கக்கா! உடனே ஜூஸ் குடுங்க!”

“ஜூஸா? சர்க்கரை வியாதிக்காரப் புள்ளைக்கா? ஒரு மிட்டாய்கூடக் குடுக்காதீங்கன்னு உங்க வீட்டுக்காரி படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா. உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

வெளியே வரிசையில் ஹாரன் காதைப் பிளந்தது. டிரைவர்கள் ஜன்னலில் வந்து குவிந்துவிட்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டே பழக்கமில்லாத மனுஷன், அத்தனை பேர் காதிலும் விழக் கத்தினார்.

“நான்தான்க்கா மருந்த அதிகமாப் போட்டுட்டேன்! தப்பு என் மேல! இப்பக் குடுக்கலேன்னா புள்ள நமக்கு இல்ல!”

அக்கா அதற்குமேல் வாதாடவில்லை. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. “எந்திரி கண்ணு, எந்திரி” என்ற குரல் கேட்டது.

“கண்ணு சொருகுது தம்பி!”

“நிமிர்த்தி உக்கார வைங்க. முழுங்குறாளா?”

“ம்... முழுங்குறா. முழுங்குறா.”

அக்கா விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை அளவு பார்த்தார். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

மறுபடி பார்க்கப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எடைமேடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. செங்கல் லாரி டிரைவர் வெளியே போய், “கொஞ்சம் சும்மா இருங்கடா” என்று அதட்டினார். ஹாரன் நின்றது.

“எண்பத்தாறு தம்பி!”

போன உயிர் திரும்பி வந்தது. பொடிசு போனை வாங்கினாள்.

“அப்பா, நீ காலிக் கிண்ணத்த வைக்கவே இல்ல. நான் பாத்தேன்.”

“பாத்தியா? ஏன் கண்ணு சொல்லல?”

“சொல்ல வந்தேன். நீதான் வாயத் திறக்காதேன்னியே.”

ஜன்னலில் நின்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே சொல்லு,” என்றார். “நான் கத்தினாலும் சொல்லு.”