கொழுந்தன் கொடுத்த தலை

பூட்டிக் கிடந்த முடிவெட்டும் கடையை அன்று காலை அவளே திறந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மெதுவா போ, மெதுவா போ" என்று சொல்லிச் சொல்லிக் கணவன் ஓய்ந்துபோயிருந்தான்.

போன மழைக்காலத்தில், இதே கடையில் ஒருவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் சீக்கிரமே தேறிவிட்டன. பார்வை மட்டும் பாதியோடு நின்றுவிட்டது. தட்டின் வலப்பக்கத்தைக் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதான் போட்டீங்களா?" என்பாள். இடப்பக்கம் நிற்கிற கணவனை வீடெல்லாம் கூப்பிட்டுத் தேடுவாள்.

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஆஸ்பத்திரியில் பார்வைப் பயிற்சி கொடுக்கிற மேடம். "மூளையில இடப்பக்கத்தைப் பார்க்கிற இடம் அடிபட்டிருக்கு. போனது திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்தப் பக்கத்தைத் தேடிப் போக உங்க கண்ணைப் பழக்கலாம்."

பழக்கினார்கள். புத்தகப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒட்டிய சிவப்பு நாடாவைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். மேஜையில் இறைத்த பொத்தான்களை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். ஒருநாள் கோபத்தில் அத்தனையையும் வீசி எறிந்தாள். பிறகு அவளே குனிந்து தேடினாள். கட்டிலுக்கடியில் இடது மூலையில் கிடந்ததைக்கூட எடுத்துவிட்டதைக் கண்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

இதற்கிடையில் கொழுந்தன் ஒரு பிடிவாதம் பிடித்திருந்தான். "அண்ணி வெட்டினாத்தான் என் தலையில கத்தரி படும்" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வங்கி கவுன்டரில் வேலை. முடி தோளைத் தொட்டது. குனிந்து எழுதும்போது ஆட்கள் அவனை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேனேஜர் ஜாடைமாடையாகப் பேசி, அப்புறம் நேராகவே கேட்டுவிட்டார்.

"என் தலையில முதல்ல பழகிக்கோயேன்" என்றான் கணவன்.

"அதுல வெட்ட என்ன இருக்கு?" என்றாள் அவள்.

கடை திறந்த அன்று காலை கொழுந்தன்தான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைப் போர்த்தி, முடியை நனைத்து, கத்தரியை எடுத்தாள். கை தானாகவே ஓடியது. சரக் சரக்கென்று அந்தச் சத்தம் மறுபடி கடையில் கேட்டது. பார்க்க வந்திருந்த பயிற்சி மேடம் ஒரு மூலையில் வாயைத் திறக்காமல் நின்றார்.

"முடிஞ்சுது" என்றாள்.

யாரும் பேசவில்லை. கொழுந்தன் கண்ணாடியைப் பார்த்தான். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மௌனம் அவளை உறுத்தியது. கத்தரியைக் கீழே வைத்தாள். கழுத்தைத் திருப்பி, நாற்காலியின் இடது கைப்பிடிவரை பார்வையைக் கொண்டுபோனாள். அங்கிருந்து அவன் தோள், காது என்று மெல்ல மேலே வந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி அப்படியே தோள்வரை தொங்கியது.

"அடப்பாவி, சொல்லக் கூடாதா?"

"நீங்களே பிடிப்பீங்கன்னு தெரியும் அண்ணி" என்றான் அவன்.

அந்தக் கொத்தை வெட்டி, காதோரத்தைச் சீராக்கி, நாற்காலியை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. மேடம் கைதட்டினார். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். கொழுந்தன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "கழுத்துல காத்து படுது" என்று சொல்லிவிட்டு வங்கிக்குக் கிட்டத்தட்ட ஓடினான்.

அவளுக்கு அடுத்த தலை வேண்டும்போல இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணு போதும். மூளை களைச்சிடும்" என்றார் மேடம்.

"நாளைக்கு?"

"ரெண்டு. பார்த்துப் பார்த்து."

அவள் அப்போதே வாசலுக்குப் போய், எதிரே பழக்கடையில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டாள்.

"முன்முடி கண்ணை மறைக்குதே, நாளைக்குக் காலையில வாங்க. கடை திறந்திருக்கும்."